கயிற்றுக்கு அப்பால் நிற்பவர்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்திலே நிகழ்த்திய உரை)

இக்கூட்டத்திலே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பேசவேண்டும் எனச் செயற்குழுவினர் விரும்பி, அப்பொறுப்பை எம்மிடம் ஒப்படைத்தபோது, எப்பொருள் பற்றிப் பேசுவது என்று பல நாள் எண்ணினோம். பல்கலைக்கழகம் புகுந்து இரண்டு ஆண்டுகளே ஆன நாம், சமயம் பற்றியும் தத்துவம் பற்றியும் கற்றறிந்த பெரியோர் முன்னிலையிற் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகவே முடியும். ஆதலின் நாம் கண்ணாரக் கண்டு அறிந்த பொருள் ஒன்றையே எடுத்துக்கொண்டோம். பாடசாலை விளையாட்டுப் போட்டியிலே பிள்ளை ஓடுகின்றது; பெற்றவர் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்க்கின்றார். அந்தப் பெற்றவரைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விழைகின்றோம்.

இஃது ஓர் அற்ப விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினோம். அந்த எண்ணம் தவறானது என்பதை எப்படி அறிந்தோம் என்பதைச் சொல்லவே இங்கு நிற்கின்றோம்.

தைப்பொங்கல் கழிந்ததும் எங்கள் ஊர்ப் பாடசாலைகளிலே இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கிவிடுவதை எல்லோரும் அறிவீர்கள். மாரியிலே முளைத்த புல்லைச் செருக்கி, மைதானத்தை மட்டப்படுத்தி, சுண்ணாம்பினாற் கோடு கீறி, மூலைக்கொன்றாக இல்லங்களை அலங்கரிப்பார்கள். பாண்ட் வாத்தியம் முழங்க அணிநடை நடைபெறும். தீபம் ஏற்றுவார்கள். சின்னஞ் சிறுவர் தேசிக்காயும் கரண்டியுமாக ஓடுவர்; பெரியவர்கள் குண்டு போடுவர், தட்டெறிவர், உயரம் பாய்வர். இடையிலே வினோத உடைப் போட்டி வந்து எல்லோரையும் சிரிக்கவைக்கும். மாலையாகும்போது அஞ்சல் ஓட்டம் நடைபெறும். அப்போது மைதானமே எழுந்து நிற்கும்.

இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு வருவோர் இரு வகையினர். பந்தலின் கீழே கதிரையில் இருப்போர் ஒரு வகை. கயிற்றுக்கும் வேலிக்கும் இடையிலே வெயிலில் நிற்போர் மற்றொரு வகை. கதிரையில் இருப்பவர்கட்கு நிகழ்ச்சி நிரல் கையிலே கொடுக்கப்படும், சர்பத்தும் வரும். வேலியோரம் நிற்பவர்களோ, "இப்ப எந்த ஓட்டம்?" என்று அருகில் நிற்பவரைக் கேட்டு அறிந்துகொள்வார்கள். ஆனால் ஓட்டம் தொடங்கிவிட்டால் இந்த வேற்றுமை இல்லை. துவக்கு வெடித்த கணத்திலிருந்து பிள்ளை கோட்டைத் தொடும் வரையில் எல்லாப் பெற்றோருக்கும் மூச்சு ஒன்றுதான்.

பிள்ளை படிக்கும்போது நாம் உதவி செய்யலாம்; நோயுற்றால் மருந்து கொடுக்கலாம்; பசித்தாற் சோறு ஊட்டலாம். ஆனால் ஓடும் பிள்ளைக்கு எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதன் காலைத் தவிர வேறு கால் அதற்கு இல்லை. பெற்றவர் செய்யக்கூடியது பார்த்துக்கொண்டிருத்தல் ஒன்றே. பிற்காலத்திலே பிள்ளை தன் வாழ்க்கையிலே தனித்து ஓடப்போகின்ற ஓட்டங்கள் அனைத்திற்கும் இதுவே முதற்பாடம். பிள்ளைக்கு மாத்திரமன்று, பெற்றவருக்கும் இதுவே முதற்பாடம்.

பழைய இதிகாசத்திலே இத்தகைய ஒரு விளையாட்டு விழா வருகின்றது. வியாச பாரதத்து ஆதிபர்வத்தை வாசித்தவர்கள் அதனை அறிவார்கள். துரோணாசாரியர் தம்மிடம் வில்வித்தை பயின்ற அரசகுமாரர்களின் திறமையை எல்லோரும் காணும்படி அரங்கொன்று அமைப்பிக்கின்றார். நிலத்தை அளந்து, மேடை கட்டி, ஊராரை அழைக்கின்றார்கள். பெற்றோர்களும் வந்து இருக்கின்றார்கள். அவர்களுள் திருதராட்டிரனுக்குக் கண் இல்லை. காந்தாரியோ தன் கண்களைக் கட்டிக்கொண்டவள். ஆகவே அரங்கிலே நடப்பதைத் திருதராட்டிரனுக்கு விதுரர் எடுத்துச் சொல்லுகின்றார். காந்தாரிக்குக் குந்தி எடுத்துச் சொல்லுகின்றாள். பிள்ளைகளின் ஆற்றலைக் காதினாலே காணவேண்டியவர்களாய் இருந்தனர் அந்தப் பெற்றோர். இன்று மைதானத்திலே கண்ணிருந்தும் பிள்ளையைப் பாராது கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிலரைக் காணும்போது, திருதராட்டிரனே அவர்களினும் நன்றாகப் பார்த்தான் என்று சொல்லத் தோன்றுகின்றது.

அதே அரங்கிலே கர்ணன் நுழைகின்றான். அருச்சுனனைப் போருக்கு அழைக்கின்றான். இருவரும் தன் வயிற்றிற் பிறந்தவர்கள் என்பதை அறிந்த குந்தி மயங்கி விழுகின்றாள். கர்ணனின் குலம் யாதென்று கிருபர் வினவ, அவன் தலை கவிழ்கின்றான். உடனே துரியோதனன் அவனை அங்க தேசத்துக்கு அரசனாக முடிசூட்டுகின்றான்.

இதுவரையில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் கதை. இதற்கு அடுத்து வருவதையே நாம் உங்களுக்குச் சிறப்பாக நினைவூட்ட விரும்புகின்றோம். முடிசூடிய அந்த வேளையிலே கர்ணனை வளர்த்த தகப்பனாகிய அதிரதன் என்னும் தேரோட்டி அரங்கினுள்ளே வருகின்றான். மேலாடை நழுவுகின்றது, உடல் வியர்த்து நடுங்குகின்றது, கோலை ஊன்றிக்கொண்டு வருகின்றான். அவனைக் கண்டதும் கர்ணன் வில்லைக் கீழே வைத்துவிட்டு, அபிடேக நீர் காயாத தன் தலையைத் தாழ்த்தி வணங்குகின்றான். அப்போது அதிரதன் தன் ஆடையின் தலைப்பினாலே தன் கால்களை அவசரமாக மூடிக்கொள்ளுகின்றான். பின்பு "மகனே" என்று தழுவி, அவனது தலையைத் தன் கண்ணீரினாலே மீண்டும் நனைக்கின்றான். அதைப் பார்த்து வீமன் ஏளனம் செய்கின்றான். அரசர் கூடிய அவையிலே, தன் பெருமைக்கு அதைவிடப் பெரிய இடையூறு இல்லை என்று தெரிந்தும், கர்ணன் அவரைத் தெரியாதவர் என்று சொல்லவில்லை. கர்ணனுடைய கொடையை எல்லோரும் புகழ்வர். எமக்கோ, அவன் அன்று தாழ்த்திய தலையே அவனது கொடைகள் எல்லாவற்றினும் பெரிதாகத் தோன்றுகின்றது.

இந்நாளிலும் இத்தகைய காட்சியை உலகம் கண்டதுண்டு. 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக் போட்டியிலே, 400 மீற்றர் அரையிறுதி ஓட்டத்தில், டெரெக் றெட்மண்ட் என்னும் பிரித்தானிய வீரர் பாதி வழியிலே தொடைத் தசை கிழிந்து விழுந்தார். அவர் சாமானியர் அல்லர். அதற்கு முந்திய ஆண்டு தோக்கியோவிலே நடைபெற்ற உலகப் போட்டியில் 4x400 மீற்றர் அஞ்சல் ஓட்டத்திலே தங்கம் வென்ற அணியில் ஒருவர். ஏனையோர் ஓட்டத்தை முடித்துவிட்டனர். இவரோ எழுந்து ஒற்றைக் காலிலே கெந்திக் கெந்திச் சென்றார். அப்போது பார்வையாளர் பகுதியிலிருந்து அவருடைய தகப்பனார் இறங்கி, காவலர்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, மகனைத் தோளிலே தாங்கி முடிவுக் கோடு வரை நடத்திச் சென்றார். முடிவுப் பட்டியலிலே அந்த ஓட்டம் கணக்கிற் கொள்ளப்படவில்லை. ஆனால் அன்றைய அரையிறுதியில் முதலாவதாக வந்தவர் யார் என்று கேட்டாற் சொல்லக்கூடியவர் இன்று மிகச் சிலரே. மகனைத் தாங்கி நடந்த தகப்பனை அறியாதவர்களோ மிகச் சிலர்.

எங்கள் மண்ணிலும் பெருவீரர் தோன்றியதுண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள் 1952ஆம், 1956ஆம் ஆண்டுகளிலே ஒலிம்பிக்கிற் பங்குபற்றி, 1958ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைத் தேடித் தந்தார். எமது காலத்திலே தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிற் பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலிலே தேசிய சாதனையை நிலைநாட்டினார். இவர்களும் ஒரு நாள் பாடசாலை மைதானத்திலே பாயத் தொடங்கியவர்களே. ஆயினும் இத்தகையோர் தலைமுறைக்கு ஒருவராகவே தோன்றுவர். எஞ்சிய ஆயிரமாயிரம் பிள்ளைகள் நாலாவதாகவும் ஆறாவதாகவும் வந்து, சட்டை மாற்றி, ஐஸ்பழம் வாங்கிக் குடித்துக்கொண்டு வீடு செல்பவர்கள். அவர்களுக்கு அந்நாளிலே கிடைக்கக்கூடிய பரிசு ஒன்றே: தம்மைப் பார்க்க ஒருவர் வந்திருந்தார் என்பது.

இனி, எமது கதையைச் சொல்லுகின்றோம். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாம் படித்தது பட்டினத்திலுள்ள மிசன் பாடசாலை ஒன்றிலே. எம் தகப்பனார் தோட்டக்காரர். குத்தகைக்கு எடுத்த ஆறு பரப்புக் காணியிலே வெங்காயமும் புகையிலையும் செய்து எம்மைப் படிப்பித்தார். அவரது பள்ளிப் பருவம் போர்க்காலத்திலே கழிந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளே ஒருமுறையேனும் ஓடியவர் அல்லர்.

நாம் ஒன்பதாம் வகுப்பிற் படித்த ஆண்டு, பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான 400 மீற்றர் ஓட்டத்திலே எமது இல்லத்தின் சார்பில் ஓடினோம். கடைசி வளைவு வரையிலும் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தோம். அவ்வளைவிலே, வேலியோரம், சைக்கிளைப் பிடித்தபடி எங்கள் ஐயா நிற்பதைக் கண்டோம். தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். காலிலே செம்மண் காய்ந்திருந்தது. எம்மைக் கண்டதும் கையை உயர்த்தினார். நாம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டோம். அந்தத் திருப்பத்திலே கால் தடுமாறிற்று. ஒருவன் எம்மைக் கடந்து போனான். மூன்றாவதாக வந்தோம்.

ஓட்டம் முடிந்து வேலியோரமாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு அருகே வந்தார். எம்மோடு நின்ற நண்பன் ஒருவன், அவனுடைய தகப்பனார் பந்தலின் கீழ் முன்வரிசையில் இருந்தவர், எம்மிடம் மெல்லக் கேட்டான்:

"உங்களைத்தான் பாக்கிறார். ஆர் அவர்?"

"எங்கடை ஊராள் ஒருத்தர்" என்றோம்.

ஐயாவுக்கு அது கேட்டது. கேட்டது என்பது எமக்கும் தெரிந்தது. அவர் ஒரு கணம் நின்றார். பின்பு சட்டைப்பையிலிருந்து குளுக்கோசுப் பைக்கற்று ஒன்றை எடுத்து வேலிக்கு மேலாக நண்பனிடம் நீட்டினார்.

"தம்பி, இதை அந்தத் தம்பியிட்டைக் குடுங்கோ. களைச்சுப் போனார்."

அவ்வளவுதான். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நாம் சொன்ன பொய்யை நண்பன் அறிந்துவிடாதபடி, பெற்ற பிள்ளையையே 'அந்தத் தம்பி' என்று சொல்லிக் காத்துவிட்டுப் போனார். அதிரதன் தன் ஆடையினாலே காலை மூடிக்கொண்டான். எங்கள் ஐயா தம்மையே மூடிக்கொண்டார். ஆனால் கர்ணன் செய்ததை நாம் செய்யவில்லை.

அன்றிரவு எமது அம்மா, "எப்பிடி ஓடினவன்?" என்று கேட்டார். ஐயா சோற்றுக்கு முன் இருந்தபடி ஓட்டம் முழுவதையும் சொன்னார். எந்தக் கோட்டிலே நின்றோம், எவ்விடத்திலே வேகம் பிடித்தோம் என்பதையெல்லாம் சொன்னார். வெளிக்கோட்டிலே நின்ற பிள்ளையை ஏன் முன்னுக்கு விட்டார்கள், அது அநியாயம் அல்லவா என்று அம்மா கேட்டார். ஐயா சிரித்தார். "சூடு மிதிக்கேக்கை வெளியாலை நடக்கிற மாட்டுக்குத்தானே நடை கூட. அந்தக் கூடின நடையைக் கழிச்சுத்தான் முன்னுக்கு விடுறவை" என்றார். ஓடுபாதையின் இரண்டாவது கோடு உட்கோட்டைவிட ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஏழு மீற்றர் கூடியது என்று பின்னர் நாம் புத்தகத்திலே படித்தோம். அவர் அதனைச் சிறுவயதிற் கண்ட சூடடிக்கும் களத்திலிருந்து அறிந்திருந்தார்.

முடிவிலே எம்மைப் பார்த்து ஒன்று மாத்திரம் சொன்னார்: "கடைசி வளைவிலை முகத்தைத் திருப்பினாய், தம்பி. அதுதான் விட்டுட்டாய். நேரை பாத்து ஓடவேணும்."

அதிலே கோபம் இல்லை. ஓட்டத்தைப் பற்றி மாத்திரமே சொன்னாரோ, வேறொன்றையும் சேர்த்துச் சொன்னாரோ, இன்றுவரை நாம் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு போட்டியன்று, "இண்டைக்கு எங்கடை இறைப்பு முறை" என்று சொல்லி அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். கிணறு பங்குக் கிணறு. முறை தவறினால் பயிர் வாடும் என்பது உண்மையே. ஆனால் அதற்கு முந்திய ஆண்டுகளிலே அவர் முறையை மாற்றிக்கொண்டு வந்தவர். அன்று நாம் முதலாவதாக வந்தோம். கோட்டைத் தொட்டதும் எம்மை அறியாமலே வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தோம். கச்சான் விற்பவர் ஒருவர் நின்றார். வேறு எவரும் இல்லை. பந்தலிலே எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைப்போல வெறுமையான ஓசையை நாம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

சான்றிதழைக் கொண்டுபோய்த் தோட்டத்திலே அவரிடம் கொடுத்தோம். கையிலே சேறு இருந்தபடியால் வாங்கவில்லை, குனிந்து வாசித்தார். "எங்கையும் விழேல்லைத்தானே?" என்று கேட்டார். பிறகு வாய்க்காலைத் திருப்பிவிடப் போய்விட்டார்.

அன்பர்களே, இக்கதையை எம் குறையைப் பறைசாற்றுவதற்காகச் சொல்லவில்லை. எம்மைப்போலப் பட்டினப் பாடசாலைகளிலே படித்து, ஆங்கிலமும் நாகரிகமும் சிறிது கற்று, வீட்டாரின் உடையையும் பேச்சையும் கண்டு உள்ளூர நாணியவர்கள் இச்சபையிலே வேறு எவரும் இல்லை என்று நாம் நம்பவில்லை. அந்தக் கல்வி எமக்கு நன்மையே செய்தது, அதனைப் பழிக்கமாட்டோம். பிழை கல்வியிலே அன்று, அதனைச் சுமந்த தோளிலே.

ஆகவே மூன்று கூட்டத்தாருக்கு மூன்று வார்த்தைகள் சொல்லி முடிக்க விரும்புகின்றோம்.

முதலாவது, பெற்றோருக்கு. பிள்ளையின் போட்டிக்குச் செல்லுங்கள். உடுப்பு நல்லதில்லை, வேலை முடியவில்லை, அது வெறும் நாலாவது இடத்துக்கு வருகின்ற பிள்ளை என்று நின்றுவிடாதீர்கள். சென்றால், பிள்ளையைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்; நடுவரோடு சண்டை பிடிக்காதீர்கள். வீடு வந்ததும், "எத்தனையாம் இடம்?" என்று கேட்பதற்கு முன் "கால் நோகுதா?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, எமது சங்கத்தாருக்கு. ஊர்ச் சிறுவர்களுக்கு நாம் நடத்தும் விளையாட்டு விழாவிலே கதிரைக்கும் வேலிக்கும் உள்ள தூரத்தைக் குறைப்போமாக. நிழலில் ஒரு பகுதியை எல்லாப் பெற்றோருக்கும் விடலாம். முடிவிடத்து நாடாவைப் பிரதம விருந்தினரே பிடிக்கவேண்டும் என்பதில்லை. ஓடும் பிள்ளைகளின் தாய் தந்தையர் இருவர் பிடிக்கலாம். எவரும் வராத பிள்ளைகளும் உண்டு. சிலருக்குத் தாய் கடல் கடந்து வேலை செய்கின்றார். சிலருக்குத் தகப்பனைப் போர் கொண்டுபோயிற்று. அப்பிள்ளைகளின் பெயரை முன்கூட்டியே அறிந்து, அவர்கள் ஓடும்போது பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரை நிறுத்துவது சங்கத்தாருக்குப் பெருஞ் செலவான காரியம் அன்று.

மூன்றாவது, எம்மைப்போன்ற வாலிபர்களுக்கு. கோட்டைத் தொட்டதும் பந்தலைப் பார்க்காதீர்கள். முதலில் வேலியைப் பாருங்கள். அங்கே நிற்பவர் யார் என்று எவரேனும் கேட்டால், உரக்கச் சொல்லுங்கள்.

தலைவர் அவர்களே, நேரம் ஆகிவிட்டது. ஒன்றை மாத்திரம் சொல்ல அனுமதி தரவேண்டும். இம்மண்டபத்தின் பின்புறத்திலே, வாசற்கதவின் அருகே, கதிரைகள் காலியாக இருக்கவும் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை உங்களிற் சிலர் கவனித்திருப்பீர்கள். எம்முடைய பேச்சைக் கேட்பதற்காக இன்றைய இறைப்பு முறையை மாற்றிக்கொடுத்துவிட்டு வந்திருக்கின்றார். அவர் எங்கடை ஊராள் மாத்திரம் அல்லர். அவர் எங்கள் ஐயா.

அவரை முன்வரிசையிலே இருத்தும்படி சங்கத்துச் சகோதரர்களை வேண்டிக்கொண்டு அமர்கின்றோம்.